தூசியும் மணிக்கணக்கும்: ஸ்போர்ட் குவாட் பராமரிப்பில் கற்றவை

"எந்த மாடலை நம்பி வாங்கலாம்?" ஸ்போர்ட் குவாட், அதாவது மண்ணிலும் மணலிலும் வேகமாக ஓட்டும் நான்கு சக்கர வண்டி, வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பல வருடங்களாக 450 சிசி வண்டிகளை ஓட்டியும், என்னுடையதையும் நண்பர்களுடையதையும் பிரித்து மாட்டியும் வந்த பிறகு நான் சொல்லும் பதில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். மாடல் எதுவானாலும் சரி, ஏர் ஃபில்டரை யார் எப்படிக் கழுவினார்கள், இன்ஜின் ஓடிய மணிக்கணக்கை யாராவது எழுதி வைத்தார்களா, இந்த இரண்டையும்தான் நான் கேட்பேன். வண்டி நடுவழியில் நிற்குமா, திரும்பி வருமா என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

இதற்குக் காரணம் இந்த வண்டிகளின் பிறப்பிலேயே இருக்கிறது. 2004-இல் யமஹா ஒய்எஃப்ஸெட்450, ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆர் இரண்டும் வந்தன. 2006-இல் சுசூகி எல்டி-ஆர்450, 2008-இல் கவாசாகி கேஎஃப்எக்ஸ்450ஆர். எல்லாமே மோட்டோகிராஸ் எனும் மண்தடப் பந்தய பைக்குகளின் இன்ஜின் தொழில்நுட்பத்தை நான்கு சக்கரத்துக்குக் கொண்டுவந்தவை. மோட்டோகிராஸ் பைக் ஏறக்குறைய 110 கிலோ. ஸ்போர்ட் குவாட் 180 கிலோவை நெருங்கும், அகலமான டயர்களை மணலில் இழுத்துப் போக வேண்டும். அதே அளவு இன்ஜினுக்கு இங்கே வேலை கூடுதல். ஓட்டுபவர் நிதானமானவராக இருந்தாலும் இன்ஜின் நிதானமாக உழைப்பதில்லை.

அதனால் கிலோமீட்டர் கணக்கு இங்கே உதவாது. மணல் மேட்டில் இரண்டாவது கியரில் முழு த்ராட்டிலில் ஒரு மணி நேரம் ஓடினால் ஓடோமீட்டரில் சொற்பமான எண்தான் ஏறியிருக்கும். இன்ஜின் பட்ட பாடு அதில் தெரியாது. ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றிக் கட்டும் சின்ன ஹவர் மீட்டர் கிடைக்கிறது. வண்டி வாங்கியதும் நான் மாட்டும் முதல் பொருள் அதுதான், சைலன்சரும் ஸ்டிக்கரும் பிறகு. ஆயில் மாற்றியது, ஃபில்டர் கழுவியது, வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கு மேலுள்ள சிறு இடைவெளி) அளந்தது, செயின் இழுத்தது எல்லாம் அந்த மணிக்கணக்கோடு சேர்த்து ஒரு நோட்டில் ஏறும். இந்த நோட்டு எதற்குப் பயன்படும் என்பது வால்வு விஷயத்துக்கு வரும்போது புரியும்.

முதலில் ஏர் ஃபில்டர். இந்த வண்டிகளில் இருப்பது ஆயில் பூசிய ஃபோம் ஃபில்டர். தூசியைப் பிடித்து வைப்பது ஃபோமின் துளைகளைவிட அந்த ஒட்டும் ஆயில்தான். ஆயில் காய்ந்த ஃபோம் பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும், நுண்ணிய மணல் மட்டும் அதன் வழியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கூட்டமாக ஓட்டும்போது பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவரின் தூசியைத்தான் குடிக்கிறார். அப்படி ஓட்டிய நாளின் முடிவில் ஃபில்டரைக் கழற்றாமல் வண்டியை நிறுத்தி வைப்பது எனக்கு ஒப்புதல் இல்லை.

கழுவும் முறையிலும் கவனம் வேண்டும். பெட்ரோலில் முக்கிக் கசக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தீ ஆபத்து. ஃபோமின் இரண்டு அடுக்குகளை இணைக்கும் பசையையும் அது இளக்கிவிடும், பசை விட்ட இடத்தில் தூசிக்கு வழி திறந்துவிடும். ஃபோம் ஃபில்டருக்கென்றே விற்கும் கிளீனரில் முதலில் பழைய ஆயிலைக் கரையுங்கள், பிறகு சோப்பு கலந்த வெந்நீரில் அலசுங்கள். துணியைப் போல முறுக்கிப் பிழிந்தால் தையல் விடும், உள்ளங்கையால் அழுத்தி நீரை எடுத்தால் போதும். முழுதாகக் காய்ந்த பிறகு ஃபில்டர் ஆயிலை ஊற்றி, ஃபோம் முழுக்க ஒரே நிறம் வரும்வரை பிசைந்து, மிச்சத்தை அழுத்தி எடுத்துவிடுங்கள். கழுவி ஆயில் பூசிய இரண்டு மூன்று ஃபில்டர்கள் பையில் தயாராக இருந்தால், களைத்துப் போன மாலையில் "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம் வராது.

பலர் விட்டுவிடுவது ஃபில்டரின் விளிம்பை. ஏர்பாக்ஸில் ஃபில்டர் உட்காரும் அந்த வட்டத்தில் மெலிதாக கிரீஸ் தடவ வேண்டும். ஃபோம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விளிம்பில் மயிரிழை இடைவெளி இருந்தால் தூசி அந்த வழியைத்தான் தேர்ந்தெடுக்கும். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஃபில்டரைக் கழற்றியதும், இன்ஜின் பக்கம் போகும் ரப்பர் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்புக் கறை வந்தால் தூசி ஃபில்டரைத் தாண்டி வந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றே காரணத்தைத் தேட வேண்டும். அதிகக் காற்று வேண்டும் என்று ஏர்பாக்ஸ் மூடியையே எடுத்துவிட்டு ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பந்தயத் தடத்தில், ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஃபில்டர் மாற்றுகிறவர்கள் அதைச் செய்யலாம். தண்ணீரும் மணலும் உள்ள வழித்தடங்களில் மூடி இருக்கட்டும்.

தூசிக்கு இத்தனை பத்திகள் எதற்கு என்று தோன்றலாம். அந்தத் தூசி போய்ச் சேரும் இடம் வால்வு.

உயர் சுழற்சி 450 இன்ஜின்கள் பலவற்றில் டைட்டானியம் வால்வுகள் இருக்கின்றன. எடை குறைவு என்பதால் அதிக சுற்றில் ஸ்பிரிங் அவற்றைத் துல்லியமாகக் கட்டுப்படுத்த முடிகிறது. ஆனால் டைட்டானியம் தேய்மானத்தைத் தாங்கும் உலோகம் இல்லை. அதன் மேல் இருக்கும் மிக மெல்லிய கடினப் பூச்சுதான் அதைக் காக்கிறது. நுண்மணல் உள்ளே வந்து வால்வுக்கும், அது மூடும்போது உட்காரும் சீட்டுக்கும் நடுவே அரைபடும்போது முதலில் போவது அந்தப் பூச்சு. பூச்சு போனபின் உலோகம் வேகமாகத் தேய்ந்து, வால்வு சீட்டுக்குள் இறங்கத் தொடங்கும். வால்வின் முகம் உள்ளே இறங்க இறங்க அதன் தண்டு மேலே ஏறும், வால்வைத் திறக்கும் கேமுக்கும், தண்டின் மேல் மூடிபோல உட்காரும் பக்கெட்டுக்கும் இடையே உள்ள கிளியரன்ஸ் குறையும்.

பழைய பைக்குகளோடு பழகியவர்களை இந்த இடம் குழப்பும். டேப்பெட் சத்தம் வந்தால் கோளாறு, சத்தம் இல்லாவிட்டால் நல்லது என்று பழகிவிட்டோம். இந்த இன்ஜின்களில் கிளியரன்ஸ் குறையும்போது சத்தமும் குறையும். இன்ஜின் வழக்கத்தைவிட மென்மையாக ஓடுகிறதே என்று மகிழ்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் வால்வு முழுதாக மூடுவதை நிறுத்தியிருக்கும்.

முதல் அறிகுறி ஸ்டார்ட்டிங்கில் வரும். நண்பர் ஒருவர் பழைய 450 ஒன்றை வாங்கினார். ஓடும்போது இழுவையில் குறையே இல்லை, ஆனால் ஸ்டார்ட் ஆக மட்டும் அடம் பிடித்தது. பேட்டரி மாற்றினார், பிளக் மாற்றினார், எரிபொருள் வரும் வழியெல்லாம் சுத்தம் செய்தார். வால்வு கவரைத் திறந்து, இடைவெளி அளக்கும் தகடுகளான ஃபீலர் கேஜை நுழைத்தபோது, காற்று உள்ளே வரும் இன்டேக் பக்கம் மிக மெல்லிய தகடுகூடப் போகவில்லை. அதிக சுற்றில் கசிவுக்கு நேரம் போதாததால் இன்ஜின் சமாளிக்கிறது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும்போது கம்ப்ரெஷன் முழுவதும் வால்வு வழியாகவே தப்பிவிடுகிறது. "ஓடும்போது நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட்தான் ஆகமாட்டேன் என்கிறது" என்று யாராவது சொன்னால் பேட்டரியைப் பார்த்துவிட்டு உடனே வால்வைப் பாருங்கள்.

அளக்கும்போது இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரெஷன் சுற்றின் உச்சியில் இருக்க வேண்டும். ஆட்டோ டீகம்ப்ரெஷன் (ஸ்டார்ட் செய்யும்போது கம்ப்ரெஷனைத் தானாகக் குறைக்கும் அமைப்பு) உள்ள இன்ஜினில் கேம்ஷாஃப்ட் நிலை கொஞ்சம் தவறினாலும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம் பொய்யான அளவு காட்டும், குறியைச் சரியாகப் பொருத்திவிட்டுத்தான் கேஜை நுழைக்க வேண்டும். எண் வரம்புக்குள் இருக்கிறது என்று மூடிவிடாமல் ஒவ்வொரு வால்வின் எண்ணையும் தனித்தனியாக எழுதுங்கள். நோட்டு வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். வரம்புக்குள் இருந்தபடியே மூன்று முறை தொடர்ந்து குறைந்து வரும் வால்வு, வரம்பின் ஓரத்தில் அசையாமல் நிற்கும் வால்வைவிட ஆபத்தானது. என் வண்டியின் எண்கள் பல சீசன்களாக ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. அதற்கு நான் நன்றி சொல்வது ஃபில்டருக்குத்தான்.

கிளியரன்ஸ் குறைந்தால் மெலிதான ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு உலோக வில்லை) போட்டுச் சரிசெய்யலாம், ஒரு முறை. சரிசெய்து கொஞ்ச மணி நேரத்திலேயே மறுபடி குறைந்தால் அந்த வால்வின் பூச்சு போய்விட்டது. மீண்டும் மீண்டும் ஷிம் மாற்றி ஓட்டுவது பணத்தை மிச்சப்படுத்துவதாகத் தெரியும். தேய்ந்த வால்வின் தலை உடைந்து பிஸ்டன் மேல் விழுந்தால் பிஸ்டன், ஹெட், சிலிண்டர் என்று எல்லாமே போகும். இன்னொன்று, பழைய எஃகு வால்வைப் போல டைட்டானியம் வால்வை அரைபசை போட்டு சீட்டில் தேய்க்கக் கூடாது. இருக்கும் பூச்சையும் அது எடுத்துவிடும்.

இன்ஜினின் உள்நிலை பற்றிச் சந்தேகம் இருந்தால் லீக்-டவுன் சோதனைபோல நேர்மையான சோதனை வேறில்லை. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, எவ்வளவு கசிகிறது, எங்கே கசிகிறது என்று பார்ப்பது. சைலன்சரில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. த்ராட்டில் பாடி பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. இன்ஜின் அடிப்பகுதியின் காற்று வெளியேறும் கிராங்க்கேஸ் பிரீதர் குழாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் காஸ்கெட். இன்ஜினைப் பிரிக்காமலே இவ்வளவும் தெரிந்துவிடும்.

ஆயில் விஷயத்தில் இரண்டு குறிப்புகள். கிளட்ச் ஆயிலிலேயே நனைந்து ஓடுவதால் ஜேஏஎஸ்ஓ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை உள்ள ஆயில்தான் வேண்டும். உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் உள்ள கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். இரண்டாவது, யமஹாவின் ஒய்எஃப்ஸெட்450ஆர், ராப்டர் 700 போன்றவை ஆயிலைத் தனி டேங்கில் வைக்கும் டிரை சம்ப் அமைப்பு கொண்டவை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் டேங்கிலிருந்து கிராங்க்கேஸுக்கு இறங்கிவிடும், காலையில் டிப்ஸ்டிக் குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து மேலும் ஊற்றினால் அளவு கூடி, மிச்ச ஆயில் பிரீதர் வழியாக ஏர்பாக்ஸில் வந்து சேரும். இன்ஜினைச் சூடேற்றி, நிறுத்தி, கையேடு சொல்லும் இடைவெளிவிட்டு அளக்க வேண்டும். பழைய ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போடும் முன் அதன் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் செதில்கள் கியர் அல்லது பேரிங்கிலிருந்து வருபவை, பழுப்பு நார்போல இருப்பவை கிளட்ச் பிளேட்டிலிருந்து வருபவை.

இன்ஜினுக்கு அடுத்து நான் அதிக நேரம் செலவிடுவது பின் ஆக்சிலில். ஸ்போர்ட் குவாடில், திருப்பத்தில் இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் கிடையாது. இரண்டு பின் சக்கரமும் ஒரே தண்டில் ஒன்றாகச் சுற்றுகின்றன. ஒவ்வொரு திருப்பத்திலும் உட்பக்க டயர் தேய்த்துக்கொண்டுதான் திரும்பும், அந்த விசை முழுவதும் ஹப், ஆக்சில், ஆக்சிலைத் தாங்கும் கேரியரின் பேரிங் மேல் விழுகிறது. குதித்து இறங்கும்போது விழும் அடி தனி.

பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்துங்கள். சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டி, ஆக்சில் கேரியருக்குள் அசைகிறதா பாருங்கள். அசைந்தால் பேரிங் முடியும் நிலையில் இருக்கிறது. பிறகு ஒருவர் பின் பிரேக்கைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். டக் டக் என்று ஆட்டம் இருந்தால் ஹப்பை ஆக்சிலோடு பூட்டும் ஸ்ப்லைன் பற்கள் தேய்கின்றன, சக்கர ஹப்பிலோ பிரேக் டிஸ்க் ஹப்பிலோ. பெரும்பாலும் இது ஆக்சில் நட் லூஸானதில் தொடங்கும். கொஞ்சம் லூஸான நட், பற்களுக்கு ஆட இடம் கொடுக்கிறது. ஆட ஆடப் பற்கள் தேய்கின்றன, கடைசியில் ஹப்போடு ஆக்சிலும் சேர்ந்து போகிறது. நட்டைச் சரியான டார்க்கில் இறுக்கி, கையேடு சொல்லும் இடத்தில் த்ரெட் லாக்கர் போட்டு, நட்டுக்கும் ஆக்சிலுக்கும் குறுக்கே பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். கோடு விலகியிருந்தால் தொட்டுப் பார்க்காமலே தெரிந்துவிடும். இந்தக் கோட்டை முக்கியமான எல்லா நட்டுகளிலும் போடுவது என் வழக்கம்.

செயினை இறுக்கமாக வைப்பது நல்லது என்று நினைப்பவர்கள் பலர். லூஸான செயின் சத்தம் போட்டு எச்சரிக்கும். இறுக்கமான செயின் சத்தமே போடாமல் கேரியர் பேரிங்கையும் கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங்கையும் தின்னும். சஸ்பென்ஷன் அமுங்கி, முன் ஸ்பிராக்கெட், ஸ்விங்ஆர்ம் பிவட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக அதிகமாக இழுபடும். அந்த நிலையிலும் கொஞ்சம் தொய்வு மிச்சம் இருக்க வேண்டும். வண்டியை ஏற்றி நிறுத்தி மட்டும் பார்த்தால் இது தெரியாது, ஒருவரை உட்கார வைத்து அமுக்கிப் பாருங்கள்.

முன்பக்கத்தில் பார்க்க வேண்டியவை, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனைகள், பால் ஜாயின்ட்டுகள், சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் ஏ-ஆர்ம் புஷ்கள். இவற்றில் ஆட்டம் வந்தால் ஸ்டீயரிங் தளர்வாகத் தெரியும், அதற்கு ஓட்டுபவரின் கை தன்னை அறியாமல் பழகிவிடும். அதனால் ஓட்டும்போது தெரிந்துகொள்வேன் என்று நம்பாதீர்கள். வண்டி நிற்கும்போது முன் சக்கரத்தை இரண்டு கையால் பிடித்து ஆட்டுங்கள். ஒரு முறை கிளம்பும் முன் இப்படிப் பார்த்தபோது உடன் வந்தவரின் டை ராட் நட் கையாலேயே சுற்றியது, நட் கழலாமல் காக்கும் காட்டர் பின் இருந்த இடம் காலி. வேகத்தில் அது கழன்றிருந்தால் ஒரு சக்கரம் ஒரு பக்கம் திரும்பியிருக்கும். அவசரமாகக் கிளம்பினாலும் இந்தச் சோதனையை மட்டும் விடாதீர்கள், இது உயிர் விஷயம்.

டயர் காற்று ரொம்பக் குறைவு, பெரும்பாலான ஸ்போர்ட் குவாடுகளில் 4 முதல் 5 பிஎஸ்ஐ சுற்றுவட்டாரம். கார் டயருக்கான கேஜ் அந்த அளவை நம்பும்படி காட்டாது, குறைந்த அழுத்தத்துக்கான கேஜ் தனியாக வேண்டும். பின் டயர்கள் இரண்டும் ஒரே தண்டில் சுற்றுவதால் ஒன்றில் அழுத்தம் குறைந்தால் அதன் சுற்றளவு மாறும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நேராகப் போகவில்லை என்று அலைன்மென்ட்டில் கை வைக்கும் முன் காற்றைச் சரிபாருங்கள்.

ரேடியேட்டரில் சேறு அடைந்தால், மெதுவாக ஓட்டும் இடங்களில் சூடு ஏறும். பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெதுவாகப் பாயும் நீரில் கழுவினால் இடுக்குகளில் அடைந்தது வெளியே வரும். பிரஷர் வாஷரை நேரடியாகக் காட்டினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். பேரிங் சீல்களுக்கும் அதே எச்சரிக்கை. வாட்டர் பம்ப் அடியிலுள்ள சின்னத் துளையில் கூலன்ட் சொட்டினால் சீல் போகிறது என்று அறிவிப்பு, அந்தத் துளையை அடைத்துவிடாதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், தோற்றம் நன்றாக இருந்தாலும் காலக்கணக்கில் மாற்றிவிடுங்கள்.

ஸ்விங்ஆர்ம் பிவட்டும் ஷாக் லிங்கேஜும் கிரீஸ் இல்லாமல் கிடப்பதை எத்தனையோ வண்டிகளில் பார்த்திருக்கிறேன். நெடுங்காலம் கழற்றாத பிவட் போல்ட் துருப்பிடித்து உறைந்துவிட்டால் அதை வெளியே எடுப்பதே தனி யுத்தம். வருடத்துக்கு ஒரு முறையாவது கழற்றி, சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து மாட்டுங்கள்.

மின்சாரத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பலவீனமான பேட்டரியோடு திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தாதீர்கள். பெரிய ஒற்றை சிலிண்டர் மெதுவாகச் சுற்றும்போது பின்னோக்கி உதைக்கும், அந்த உதையை வாங்குவது ஸ்டார்ட்டரின் ஒருவழி கிளட்ச். பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஒரு ராத்திரி போதும், அந்தக் கிளட்ச்சை மாற்ற இன்ஜினின் பக்க மூடியையே திறக்க வேண்டியிருக்கும்.

இப்போது மாடல் கேள்விக்கும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நீண்ட தூரம், நாள் முழுக்க, பராமரிப்புக்குக் கொஞ்ச நேரமே உள்ளவர்களுக்கு ராப்டர் 700 போன்ற பெரிய, சோம்பலாகச் சுற்றும் இன்ஜினையே சொல்வேன். 686 சிசி, ஒற்றை கேம்ஷாஃப்ட், நான்கு வால்வு. வால்வைச் சரிசெய்ய ஷிம் தேட வேண்டாம், திருகும் லாக் நட்டும் போதும். பல நாள் நீளும் பாலைவனப் பந்தயமான டாக்கார் ராலியில் குவாட் தனிப் பிரிவாக இருந்த 2009 முதல் 2024 வரை பட்டம் வென்றவர்கள் யமஹாவில்தான் வென்றார்கள், பெரும்பாலும் இந்த ராப்டர் 700-இல். அங்கே வேகத்தைவிட அடுத்த நாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதுதான் பெரிய விஷயம். குறுகிய தடத்தில் பாய்ச்சல் வேண்டும் என்றால் 450 வாங்குங்கள், ஆனால் மணிக்கணக்கு நோட்டையும் சேர்த்து வாங்குங்கள். 450-ஐ வாங்கிவிட்டு 700-க்குரிய பராமரிப்பைக் கொடுப்பதில்தான் பெரும்பாலான இன்ஜின்கள் உடைகின்றன.

சைலன்சரை மாற்றுகிறவர்கள் எரிபொருள் அளவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். காற்று அதிகம் போய்ப் பெட்ரோல் அதே அளவில் நின்றால் கலவை மெலிந்து இன்ஜின் தாறுமாறாகச் சூடேறும்.

பழைய வண்டி பார்க்கப் போகிறீர்கள் என்றால், நான் பார்க்கும் வரிசை இது. நான் வரும்வரை இன்ஜினைச் சூடேற்றாமல் வையுங்கள் என்று முன்பே சொல்லிவிடுவேன். போனதும் இன்ஜின் மேல் கை வைத்துப் பார்ப்பேன். வெதுவெதுப்பாக இருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தோடுதான் மீதியைப் பார்ப்பேன். அடுத்து சீட்டைத் தூக்கி, ஃபில்டரைக் கழற்றி, வெள்ளைத் துணியால் குழாயைத் துடைப்பேன். பிறகு ஃபுட்பெக் இணைப்பு, ஏ-ஆர்ம் பொருத்தும் இடங்கள் ஆகியவற்றில் ஃபிரேமில் விரிசலோ புதுப் பெயின்ட்டோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஆக்சில் வளைந்திருக்கிறதா என்று அறிய, பின்பக்கத்தைத் தூக்கி, ரிம்முக்கு அருகில் ஒரு கம்பியை அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம்மோ ஆக்சிலோ வளைந்திருக்கிறது. இதெல்லாம் தேறினால், வால்வு கிளியரன்ஸ் அளக்கவும் லீக்-டவுன் பார்க்கவும் அனுமதி கேட்பேன். அனுமதி கொடுக்காதவரிடம் விலை பேச மாட்டேன். வால்வு டைட்டாக இருந்தாலும் உண்மையைச் சொல்லி, ஹெட் வேலைக்கான தொகையைக் குறைத்துக்கொள்ள ஒத்துக்கொள்பவரிடம் தயங்காமல் வாங்கலாம்.